தொண்ணூற்று இரண்டு டிகிரி

ஆட்டோகேட் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது கோடு போட. இரண்டாம் நாள் சொல்லிக்கொடுப்பது அந்தக் கோடு கோணிப்போகாமல் பார்த்துக்கொள்ள. விசைப்பலகையின் மேல் வரிசையில் எஃப்8. ஒரு தட்டு தட்டினால் 'ஆர்த்தோ' வேலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு மவுஸை எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு ஒன்று படுக்கும், இல்லை நிற்கும். சாயாது. எங்கள் ஊரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த வகுப்பு அது. மதியம் மூன்று மணிக்கு பன் வேகும் வாசனை ஏறிவரும். சொல்லிக்கொடுத்த அண்ணன், "ஆர்த்தோ போடாம கோடு இழுக்கறவன் ஹெல்மெட் இல்லாம பைபாஸ்ல போறவன்" என்பார். நான் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

சாய்ந்த கோடு மூன்றாவது பாடம். அதற்கு ஒரு சின்ன மந்திரம் தட்ட வேண்டும்: @60<30. நின்ற இடத்திலிருந்து அறுபது அலகு, முப்பது டிகிரியில் போ என்று அர்த்தம். முப்பது டிகிரி எங்கிருந்து? மென்பொருளுக்குக் கிழக்குதான் பூஜ்யம். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டு போகும். வடக்கு 90, மேற்கு 180. நிலம் அளக்கிறவர்களுக்கோ வடக்குதான் பூஜ்யம், முள்ளோடு சேர்ந்து சுற்றுவார்கள். ஒரே சாய்வுக்கு இரண்டு பேரும் இரண்டு எண் சொல்வார்கள். மென்பொருளின் அமைப்புக்குள் போய் இதை மாற்றிக்கொள்ளலாம். நான் பார்த்த யாரும் மாற்றியதில்லை, மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். அப்படிக் கழிக்கும்போது கணக்குத் தப்பி ஒரு வீட்டையே வேறு திசை பார்க்க வைத்த ஆளைப் பற்றி எங்கள் அலுவலகத்திலும் ஒரு கதை இருந்தது. நம்பத்தகுந்த கதைதான்.

கணினி வருவதற்கு முன்பும் சாய்வு என்பது சில கோணங்களுக்கு மட்டும் கிடைத்த சலுகைதான். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்று 45, இன்னொன்று 30-60. இரண்டையும் சேர்த்தும் கழித்தும் வைத்தால் பதினைந்தின் மடங்குகள் எல்லாம் கிடைக்கும். அதைத் தாண்டினால் பாகைமானியைத் தேட வேண்டும். மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து ஆளைக் குத்தியவர்களுக்குத் தெரியும், 37 டிகிரி கேட்டு யாரும் வரமாட்டார்கள். கேள்வித்தாளில்கூட 30, 45, 60தான். நாளடைவில் கையைவிடக் கண்ணுக்கு இது பழகிவிடுகிறது. 44 டிகிரியில் ஒன்றைப் பார்த்தால் '45தான், போட்டவன் சரியாகப் போடவில்லை' என்று தோன்றும்.

மென்பொருளிலும் இதே கதை. எஃப்10 தட்டினால் போலார் டிராக்கிங். ஆர்த்தோ அளவுக்குக் கண்டிப்பு இல்லை, ஆனால் குறிப்பிட்ட கோணங்களுக்குப் பக்கத்தில் போனால் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். எந்தக் கோணங்கள் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரி '23, 45, 68, 90' என்று இருக்கும். முதல் தடவை பார்த்தபோது என்னடா கணக்கு இது என்று விழித்தேன். 23-ன் மடங்கு 46 அல்லவா? விஷயம் என்னவென்றால் அது 23 இல்லை, 22.5. கோணத்தைக் காட்டும்போது புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பதற்கு ஒரு அமைப்பு உண்டு, அது தொடக்கத்தில் பூஜ்யமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் 22.5 என்பது 23 ஆகவும், 67.5 என்பது 68 ஆகவும் முகம் காட்டுகின்றன. உள்ளே பதினைந்து இலக்கத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு எந்திரம், கேட்டால் முழு எண்ணில் பதில் சொல்கிறது. 89.6 டிகிரியில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு லிஸ்ட் கட்டளை கொடுங்கள். 90 என்று சொல்லும்.

இதெல்லாம் தொழில் விஷயம், இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். எனக்கு அது ஒரு மனையில் வந்தது.

டிப்ளமோ முடித்து ஒரு சின்ன கட்டட வரைபட அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். தெற்குப் பார்த்த மனை ஒன்று வந்தது. தெற்குப் பார்த்தது என்பதாலேயே கொஞ்சம் சல்லிசாக முடிந்திருந்தது, வாங்கியவருக்கு அந்த அரைமனசு கடைசிவரை போகவில்லை. பத்திரத்தில் வழக்கம்போல: கிழமேலடி இருபுறமும் 40, தென்வடலடி இருபுறமும் 60. மொத்தம் 2400 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு, எங்கள் பக்கத்துக் கணக்கில் ஐந்தரை சென்ட்.

நானும் இன்னொரு பையனும் போய் டேப் பிடித்தோம். நான்கு பக்கமும் பத்திரம் சொன்னபடியே வந்தது. பழக்கதோஷத்தில் மூலைக்கு மூலையும் பிடித்தோம். தென்மேற்குக் கல்லிலிருந்து வடகிழக்குக் கல்லுக்கு 70 அடி 11 அங்குலம். தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு 73 அடி 3 அங்குலம். நேர் செவ்வகமாக இருந்திருந்தால் இரண்டுமே 72 அடி 1 அங்குலம் வந்திருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே சறுக்குகிற இடம் இது. நான்கு பக்க நீளம் தெரிந்தால் வடிவம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். தெரியாது. வீட்டுத் திண்ணையில் கிடக்கும் பழைய கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டு ஆடிப்போனதும் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நான்கு சட்டத்தின் நீளமும் தச்சர் அறுத்த அன்று இருந்ததுதான், ஒரு நூல் குறையவில்லை. ஆனால் கட்டில் கோணிவிட்டது. அதை நிறுத்த மூலைக்கு மூலை ஒரு கட்டை அடிக்க வேண்டும். முக்கோணம் ஆனால்தான் ஆடாது. நம்முடைய பத்திரங்களில் பாதிக்கு மேல் அந்தக் குறுக்குக் கட்டை இல்லாத கட்டில்கள். நான்கு நீளத்தைச் சொல்லும், நான்கு எல்லையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், மூலைவிட்டத்தைச் சொல்லாது.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. நம்மூர் நில அளவையின் எஃப்எம்பி ஸ்கெட்ச்சைப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம், வயலின் குறுக்கே கோடுகள் போகும். ஜி லைன் என்பார்கள். சென்னை மாகாணத்தில் புலத்தைக் குறுக்குக் கோடுகளால் முக்கோணங்களாக வெட்டி, சங்கிலியால் நீளத்தை மட்டும் அளந்து, வளைவு நெளிவுகளுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக விலகல் எடுத்து எழுதினார்கள். முக்கோணத்தின் மூன்று பக்கமும் கிடைத்துவிட்டால் கோணத்தைத் தனியாக அளக்கவே வேண்டாம், அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் சங்கிலி இழுத்தவர்கள் கண்டுபிடித்து வைத்த இந்த ஒழுங்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நானும் திரையில் அப்படித்தான் செய்தேன். முன்பக்கம் @40<0. ஒரு முனையில் 60 அடி வட்டம், மறுமுனையில் மூலைவிட்ட அளவுக்கு ஒரு வட்டம், இரண்டும் வெட்டுகிற இடத்தில் பின்மூலை. கோட்டைத் தட்டிக் கேட்டேன். 92 டிகிரி. மனை மேற்கே இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறது. பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் 60 அடிக்கு இரண்டு டிகிரி என்றால் பின்மூலை 2 அடி 1 அங்குலம் தள்ளிப்போய்விடும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு அடி என்று மனசில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரின் கூடவே ஒரு வாஸ்துக்காரரும் வந்தார். படத்தைப் பார்த்ததும், "ஈசானி மூலை குறையுதே" என்றார். அவர் பார்வை கூர்மையானது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், இரண்டு டிகிரியைக் கண்ணால் பிடித்துவிட்டார். வடகிழக்கு வளர்ந்தால் நல்லது, குறைந்தால் ஆகாது. வீட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது. ஏற்கெனவே தெற்குப் பார்த்த மனை, இதில் இது வேறு.

சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். என் தங்கை கல்யாணத்துக்குக் கேட்காமலே முன்பணம் கொடுத்தவர். "ஏரியா மாறுதா?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். சாய்ந்த மனை 2398.5 சதுர அடி, நேராக்கினால் 2400. ஒன்றரை சதுர அடி வித்தியாசம், ஒரு ஆள் கால் சேர்த்து நிற்கிற இடம். "அப்புறம் என்ன? பத்திரமும் நாப்பதுக்கு அறுபதுன்னுதான் சொல்லுது. ஸ்கொயர் பண்ணிடு."

பரப்பளவு மாறாது என்பது உண்மை. அதுதான் இதில் உள்ள வசதி. ஆனால் நேராக்கிய செவ்வகத்தை நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கிழக்கே 63 சதுர அடிக்கு ஒரு ஒல்லி முக்கோணம் பக்கத்து மனைக்குள் போகும், மேற்கே அதே அளவு முக்கோணம் யாருக்கும் இல்லாமல் கிடக்கும். எடுத்தது 63, விட்டது 63, கூட்டினால் பூஜ்யம். கிழக்குப் பக்கத்து மனைக்காரர் வளைகுடாவில் எங்கேயோ வேலையில் இருந்தார். மனையில் எருக்கு முளைத்துக் கிடந்தது. கேட்க ஆள் இல்லை.

சாய்ந்த கோட்டை அழித்தேன். எஃப்8 தட்டினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. ஆர்த்தோ இருக்கும்போது கை ஒன்றும் பாவம் செய்வதாகத் தெரியாது. கோடு தானாகவே நேராகப் போய் நிற்கிறது.

அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் அவ்வளவு மோசமானதும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1963-ல் எம்ஐடியில் இவான் சதர்லாண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். இன்றைய வரைகலை மென்பொருள்களுக்கெல்லாம் பாட்டன் அது. டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் ஏனோதானோ என்று ஒரு நாற்கரம் வரையலாம். பிறகு, இந்தக் கோடும் அந்தக் கோடும் இணை, இது அதற்குச் செங்குத்து என்று நிபந்தனை கொடுத்தால் எந்திரம் அதைத் திருத்தி நிறுத்தும். கையின் நடுக்கத்துக்குப் பின்னால் இருக்கிற எண்ணத்தை எந்திரம் புரிந்துகொள்கிறது. அழகான விஷயம். ஒரு இன்ஜினியர் மேசை வடிவமைக்கும்போது அவர் கை கொஞ்சம் கோணினால் மேசையும் கோண வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டோம். அவர் சொல்ல வந்தது நேர்க்கோடுதான். ஆர்த்தோ அந்த வம்சத்தில் வந்தது.

அப்படியானால் நான் செய்தது எங்கே வேறுபடுகிறது? ரொம்ப நாள் கழித்து ஒரு தத்துவப் புத்தகத்தைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்கு அதைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது. எலிசபெத் ஆன்ஸ்கம் 1957-ல் 'இன்டென்ஷன்' என்ற சின்னப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு உதாரணம் வருகிறது. ஒருவர் மனைவி கொடுத்த சீட்டோடு கடைக்குப் போகிறார். அவரைப் பின்தொடர்ந்து ஒரு துப்பறிவாளர், அவர் என்னென்ன வாங்குகிறார் என்று எழுதிக்கொண்டே போகிறார். கடைசியில் இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே மாதிரிப் பட்டியல். ஆனால் தப்பு நேர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். சீட்டில் ஒன்று இருந்து பையில் வேறொன்று இருந்தால், வாங்கியவர் மேல் தப்பு. அவர் கடைக்குத் திரும்பிப்போய் மாற்ற வேண்டும். துப்பறிவாளரின் பட்டியலில் ஒன்றும் பையில் வேறொன்றும் இருந்தால், பட்டியல் மேல் தப்பு. அவர் எழுதினதைத்தான் திருத்த வேண்டும்.

வீட்டு வரைபடத்தில் இந்த இரண்டு சீட்டும் ஒரே தாளில் இருக்கிறது. 'இங்கே ஒன்பது அங்குலச் சுவர் வரட்டும்' என்பது மளிகைச் சீட்டு. 'இங்கே கல் இருக்கிறது' என்பது துப்பறிவாளரின் குறிப்பு. இரண்டுக்கும் ஒரே கட்டளை, ஒரே கோடு. எல்லைக்கோட்டைப் புள்ளியும் கோடுமாக வேறு லேயரில் போடுவோம் என்பது நிஜம். ஆனால் எஃப்8 அந்த லேயரைப் பார்த்து வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பதில்லை. வரப்போகிற சுவரை நேராக்குவது என் வேலை. ஏற்கெனவே நடப்பட்ட கல்லை நேராக்குவது சாட்சி சொல்லப்போன இடத்தில் நமக்குப் பிடித்ததைச் சொல்வது. எந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. அதற்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதால் அது யாருக்கோ தெரிந்திருக்க வேண்டும், அந்த நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்தது நான்.

படம் அப்ரூவல் ஆகி வந்தது. முன்பக்கக் கோட்டைப் பிடித்து எங்கள் ஆட்களே மார்க்கிங் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் மூன்றரை அடி விட்டு 33 அடி அகலத்துக்கு வீடு, தெருவுக்குச் செங்குத்தாக எழும்பியது. காம்பவுண்டு சுவர் எப்போதும்போலக் கடைசி வேலை. அப்போதுதான் மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, கல்லு ஒண்ணு சொல்லுதுங்க, உங்க படம் ஒண்ணு சொல்லுது. எதைப் புடிச்சுக் கட்டறது?"

அவருக்கு ஆட்டோகேட் தெரியாது. ஆனால் நூலைப் பிடித்து மூன்று, நான்கு, ஐந்து என்று அளந்து மூலைமட்டம் பார்க்கத் தெரியும், அதுவும் அதே முக்கோணம்தான். நூல் விட்டுப் பார்த்ததில் பின்னால் இரண்டு அடி இடித்திருக்கிறது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே வரி: கல்லுதான் சரி, படம் தப்பு, நான்தான் மாத்துனேன். "சார்கிட்ட கேட்டுக்கங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சார் அன்று ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மேஸ்திரி கல்லைப் பிடித்துக் கட்டினார். பக்கத்து மனைக்காரருக்கு ஒரு அங்குலமும் போகவில்லை. விளைவு, வீடு நேராகவும் சுவர் சாய்வாகவும் நின்றது. கிழக்குப் பக்கத்துச் சந்து வீட்டின் முன்மூலையில் மூன்று அடி இரண்டு அங்குலத்தில் ஆரம்பித்து, பின்மூலைக்குப் போகும்போது ஒன்றே முக்கால் அடியாகச் சுருங்கியது. தோளில் கேஸ் சிலிண்டரோடு போகிறவர் கடைசியில் உடம்பைத் திருப்பித்தான் போக வேண்டும். மேற்குச் சந்து அதே கணக்குக்கு அகலமானது.

வீட்டுக்காரர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "கடைசி வரைக்கும் மூணரை அடின்னு போட்டிருக்கு, சீல் அடிச்ச பிளான். இந்தாளு சுவத்தை உள்ள இழுத்துட்டாரு" என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. படத்தில் அப்படித்தான் இருந்தது. மேஸ்திரி கல்லைக் காட்டினார். கல்லில் சீல் இல்லையே. கடைசிக் கூலியில் மூவாயிரம் பிடித்துக்கொண்டார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. கூடவே ஒரு பேரும் வந்தது. "அந்த மேஸ்திரியா, நூல் புடிக்கத் தெரியாதே."

பக்கத்து மனைக்காரருக்கு அநியாயம் நடக்கப்போகிறது என்றுதான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். அநியாயம் வேறு ஆள் வீட்டுக்குப் போனது. இப்போது யோசித்தால் அது நடந்த விதம் தெரிகிறது. நான் போட்ட கோடு நிலத்தைப் பற்றிய தப்பான குறிப்பு. சீல் விழுந்ததும் அது கட்டளையாக மாறிவிட்டது. துப்பறிவாளர் தப்பாக எழுதின பட்டியலை எடுத்துக்கொண்டுபோய் கடைக்குப் போனவரிடம் காட்டி, 'இதில் இருப்பதை நீ ஏன் வாங்கவில்லை?' என்று கேட்ட மாதிரி. உலகத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த ஒரே ஆள், பணியாதவர் என்று பேர் வாங்கினார். பொய்யான காகிதம் யாரை ஏமாற்றும் என்பதை மட்டும்தான் நாம் யோசிக்கிறோம். அதோடு ஒத்துப்போகாத உண்மையான ஆளுக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரனுக்கே உரிய நிதானத்தோடு, "நீ ரொம்ப ஓவரா போற" என்றான். "எந்தக் கோடுடா நிஜம்? ஸ்கிரீன்ல சாஞ்ச கோடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது." அவன் சொல்வது சரி. திரையில் இருப்பது கட்டங்கள். சாய்கோடு என்று நாம் பார்ப்பது படிக்கட்டு. எந்தப் படியில் ஏறினால் கண்ணுக்குக் கோடு மாதிரித் தெரியும் என்று வேகமாகக் கணக்குப் போடும் வழியை 1962-ல் ஐபிஎம்மில் ஜாக் பிரெசன்ஹாம் ஒரு பிளாட்டருக்காக உருவாக்கினார். ஒவ்வொரு படியிலும், இதுவரை சேர்ந்த பிழை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே போவதுதான் அதன் சூட்சுமம். முழு எண்களை மட்டும் வைத்துக் கூட்டிக் கழித்தே வேலையை முடித்துவிடும். "டேப் தொய்யும், வெயில்ல நீளும், கல்லே அரை அடி தடிமன்" என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். "எல்லாமே தோராயம்தான். உன் ரெண்டு டிகிரியும் அதுல ஒண்ணுன்னு வெச்சுக்கோ."

எனக்கு அன்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வந்தது, பெரும்பாலும் அப்படித்தானே. பிரெசன்ஹாமின் பிழை ஒருமுறை மேலே போகும், ஒருமுறை கீழே போகும். கோட்டை விட்டு அரைக் கட்டத்துக்கு மேல் விலகாது. டேப் தொய்யும்போது யாருக்குச் சாதகமாகத் தொய்கிறோம் என்று அதற்குத் தெரியாது. என் இரண்டு டிகிரிக்குத் தெரியும். அது பணம் கொடுப்பவர் இருக்கும் பக்கத்திலிருந்து ஆள் இல்லாத பக்கத்தை நோக்கிச் சரியாக நகர்ந்தது. ஈசானி மூலை ஏற்கெனவே வளர்ந்திருந்தால் அதே மனையை யாரும் ஸ்கொயர் பண்ணச் சொல்லியிருக்கமாட்டார்கள். 92-ஐ 92 என்றே விட்டுவைத்து மகிழ்ந்திருப்போம். இதைத் தோராயம் என்று சொன்னால் தோராயத்துக்குக் கோபம் வரும்.

நம்முடைய பாஷையும் இதில் கொஞ்சம் சதி செய்கிறது என்று நினைக்கிறேன். நேர் என்பதிலிருந்து நேர்மை. வளையாதது செங்கோல், வளைந்தது கொடுங்கோல், குறளில் இரண்டுக்கும் தனித்தனியே அதிகாரமே உண்டு. 'அவன் கொஞ்சம் கோணல்' என்றால் யாரும் டிகிரி கேட்பதில்லை. ஒரு கோட்டை நேராக்கும்போது ஏதோ நல்ல காரியம் செய்கிற உணர்வு வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சாய்ந்த மனையைச் சாய்வாகவே வரைகிறவன் சோம்பேறி மாதிரியும், நேராக்குகிறவன் பொறுப்பானவன் மாதிரியும் தெரிகிறது. மேஸ்திரி கட்டிய சுவரைப் பார்த்த எல்லோருக்கும் அது கோணலாகத்தான் தெரிந்தது.

சாரைக் குற்றம் சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம், எளிது. அவர் ஒரு வாக்கியம் சொன்னார், அவ்வளவுதான். எஃப்8 தட்டியது அவர் விரல் இல்லை, போனை எடுத்ததும் அவர் இல்லை. 'சொன்னதைச் செய்தேன்' என்பதை நானும் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தேன். கோடு போட்டதற்கு அது ஓரளவு பொருந்துகிறது. போனில் சொன்ன பதிலுக்குப் பொருந்தவில்லை, அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது வேறு ஊரில், வேறு இடத்தில் வேலை. மனை வரைந்தால் இரண்டு மூலைவிட்டத்தையும் படத்தில் எழுதாமல் விடுவதில்லை. கோணத்துக்கு இரண்டு இலக்கம் காட்டும்படி அமைப்பை மாற்றி வைத்திருக்கிறேன், பக்கத்து சீட்டில் இருப்பவர் '89.37-ஆ, பார்க்கவே அசிங்கமா இருக்கு' என்பார். எல்லைக்கோடு போடும்போது மட்டும் ஆர்த்தோவை அணைத்துவிடுவேன். கை எஃப்8-ஐத் தேடும், வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் மேஸ்திரியைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைத்திருந்தது. எனக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. எந்த வீடு என்று சொன்னேன், ஞாபகம் வரவில்லை. "கிழக்கால சந்து போகப்போகச் சின்னதாகுமே" என்றதும், "அட, ஆமா தம்பி" என்று சிரித்தார். படத்தை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். போன் பண்ணினபோதே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பையில் தயாராக வைத்திருந்த மூவாயிரத்தை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்பார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்கிக்கொண்டார். எச்சில் தொட்டு எண்ணினார்.

"மூவாயிரத்து எண்ணூறு புடிச்சாங்க தம்பி" என்றார்.

என்னிடம் அப்போது பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. எண்ணூறை அடுத்த வாரம் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.